ஒல்லாந்தின் கடலணைகள்

ஒல்லாந்தர் என்றதும் இலங்கையில் உள்ளோருக்கு நினைவில் எழுவன யாழ்ப்பாணத்துக் கோட்டையும், மட்டக்களப்புக் கோட்டையும், கறுவா வாணிகமும், 1707ஆம் ஆண்டிலே தேசவழமையைத் தொகுத்து எழுதுவித்த ஆட்சியுமே ஆகும். 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் இந்நாட்டின் கரையோரங்களை ஆண்ட இச்சாதியார், தம் சொந்த நாட்டில் அதற்கு முன்னும் பின்னும் வேறொரு பகைவனோடு ஓயாது போரிட்டு வந்தனர் என்பது இங்கே அதிகம் பேசப்படுவதில்லை. அப்பகைவன் கடல். நெதர்லாந்து எனப்படும் அந்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழக் காற்பங்கு கடல் மட்டத்திற்குக் கீழே கிடக்கிறது. நாட்டின் பெயருக்கே தாழ்நிலம் என்பதுதான் பொருள். அங்கே உழவன் வயலில் நின்று நிமிர்ந்து பார்த்தால், அணைக்கு அப்பால் கப்பல் தன் தலைக்கு மேலே செல்வதைக் காணும் இடங்கள் உண்டு.

இத்தகைய நாட்டில் அணையே முதற் பொதுச்சொத்து. அரசர்களும் பாராளுமன்றங்களும் தோன்றுமுன்னரே, 13ஆம் நூற்றாண்டளவில், அணைகளைக் காக்கும் நீர்ச்சபைகள் அங்கே தோன்றிவிட்டன. அணை எவ்வளவு உயரமாக இருத்தல் வேண்டும் என்ற வினாவிற்கு அச்சபையினர் கண்ட விடை எளியது. முன்னோர் நினைவிலும் பதிவேட்டிலும் இருந்த மிக உயர்ந்த வெள்ளம் எதுவோ, அதற்குமேல் அரை மீற்றரோ ஒரு மீற்றரோ கூட்டிக் கட்டினர். பிறிதொரு வெள்ளம் வந்து அதனையும் கடந்தால், இறந்தோரை அடக்கம் செய்தபின் அணையை மேலும் சிறிது உயர்த்தினர். 1421ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்கும், 1570ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்கும், அவற்றிற்குப் பிந்திய பலவற்றிற்கும் இதுவே மறுமொழியாய் இருந்தது. இம்முறையிற் கட்டிய அணை கடந்துபோன வெள்ளத்திற்குத்தான் காவலாகும். இனி வரப்போவது எத்தகையது என்பதை அது கேட்கவேயில்லை.

அவ்வினாவை முதன்முதலிற் கணக்காக எழுதியவர் ஒரு பொறியியலாளர் அல்லர். பௌதிக அறிஞர் ஒருவர். 1916ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், நாட்டின் நடுவே ஊடுருவிக் கிடந்த சௌடர்சே என்னும் உட்கடலின் கரைகள் உடைந்தன. அவ்வுட்கடலின் வாயை 32 கிலோமீற்றர் நீளமான அணையால் அடைத்துவிடலாம் என்று கொர்னெலிஸ் லெலி என்ற பொறியியலாளர் முன்னரே திட்டம் வரைந்திருந்தார். 1918இல் அது சட்டமாயிற்று. ஆனால் ஐயம் ஒன்று எழுந்தது. உள்ளே சென்று பரவ இடமிருந்த நீரை வாயிலே தடுத்தால், அது வெளியே உயர்ந்து வடகரையிலுள்ள ஊர்களின் அணைகளைத் தாக்காதோ? எவ்வளவு உயரும்? ஊகித்தவர்கள் ஒருவரோடொருவர் பொருந்தாத எண்களைக் கூறினர். அரசினர் நோபல் பரிசு பெற்ற ஹென்றிக் லோறன்ற்சு என்பாரைத் தலைவராக்கி ஓர் ஆணைக்குழுவை அமைத்தனர். அப்பொழுது அவருக்கு வயது ஏறத்தாழ 65.

அவர் எட்டாண்டு உழைத்தார். ஓதம், அதாவது கடலின் அன்றாட ஏற்றவிறக்கம், ஆழமற்ற கால்வாய்களிற் புகும்போது தரையோடு உராய்ந்து வேகம் இழக்கிறது. அவ்வுராய்வு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மிகுவதாற் சமன்பாடுகள் தீர்க்க முடியாதனவாய் நின்றன. லோறன்ற்சு அதனை ஒரு முழு ஓதச் சுற்றிற் செலவாகும் ஆற்றல் மாறாதபடி எளிய நேர்விகித உராய்வாக மாற்றி அமைத்தார். அதன்பின் ஒவ்வொரு கால்வாயையும் தனித்தனியே எடுத்துக் கையாற் கணித்தார்கள். 1926இல் அறிக்கை வெளிவந்தது. வெளிக்கரையில் ஓதமும் புயல்நீரும் உயரும், ஆதலால் அங்குள்ள அணைகளை முன்கூட்டியே உயர்த்துதல் வேண்டும் என்று அது கூறிற்று. 1932ஆம் ஆண்டு மே மாதம் 28ஆந் திகதி சௌடர்சேயின் வாய் அடைபட்டது. அளந்து பார்த்தபொழுது லோறன்ற்சின் எண்களும் கடலின் எண்களும் வியக்கத்தக்கவாறு ஒத்திருந்தன. அதனைக் காண அவர் உயிரோடில்லை, 1928இல் மறைந்துவிட்டார். அவருக்குத் துணையாயிருந்த தைசு என்னும் இளைஞரே 1927இல் டெல்ப்ற் நகரில் தோன்றிய நீரோட்ட ஆய்வுகூடத்தை வளர்த்தெடுத்தார்.

இவ்வாறு வடக்கே கணக்கு அணைக்கு முன்னே சென்றது. தென்மேற்கிலோ நிலைமை வேறு. றைன், மியூசு, ஷெல்ற் என்னும் ஆறுகள் கடலொடு கலக்கும் அப்பகுதி, கடலின் கைவிரல்கள் நிலத்துள் நுழைந்தாற் போன்ற கழிமுகங்களும் அவற்றிடையே கிடக்கும் தீவுகளுமாக உள்ளது. 1929இல் அரச நீர்ப்பணித் திணைக்களத்திற் சேர்ந்த யொஹான் வான் வீன் என்ற பொறியியலாளர் அக்கழிமுகங்களின் மணலையும் நீரோட்டத்தையும் பல்லாண்டு அளந்தார். அளக்க அளக்க அவருக்கு அச்சம் மிகுந்தது. அணைகள் பல இடங்களிலே தாழ்ந்தும் மெலிந்தும் இருந்தன.

1939ஆம் ஆண்டில், அதே திணைக்களத்தைச் சேர்ந்த வெமெல்ஸ்பெல்டர் என்பவர் சிறியதோர் ஆராய்ச்சியை வெளியிட்டார். றைன் ஆற்று முகத்திலுள்ள ஹூக் வான் ஹொலண்ட் என்னும் இடத்தில் ஏறத்தாழ 50 ஆண்டுகளாகக் குறித்து வைத்த உயர்நீர் அளவுகளை எல்லாம் அவர் எடுத்து, எந்த உயரம் எத்தனை தடவை கடக்கப்பட்டது என்று எண்ணி, மடக்கைத் தாளிற் புள்ளியிட்டார். புள்ளிகள் நேர்கோட்டில் அமைந்தன. பார்வைக்கு இது சிறு செய்தி. ஆனால் அந்த நேர்கோடு எங்கும் முடியவில்லை. உயரம் கூடக்கூட வெள்ளம் அரிதாகிறது. இதற்குமேல் வாராது என்று கோடிட்டுச் சொல்லும் எல்லை எதுவும் இல்லை. மிக உயர்ந்த வெள்ளம் என்று ஒன்றைப் பிடித்து அதற்குமேல் அரை மீற்றர் கூட்டும் பழைய வழக்கம் அன்றே அடிப்படை இழந்தது.

அதே ஆண்டு புயல்வெள்ளங்களை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. வான் வீன் அதன் உயிர்நாடியாக விளங்கினார். அணைகள் போதா என்பதே அக்குழு கண்ட முடிவு. ஆயினும் அம்முடிவு பொதுமக்களின் காதுக்கு எட்டவில்லை. அது அந்தரங்கமாகவே வைக்கப்பட்டது. அதற்குள் உலகப்போர் வந்தது. நாடு பகைவர் வசமாயிற்று. 1944இல் நேசநாட்டு விமானங்கள் வல்கெறன் தீவின் அணைகளைக் குண்டிட்டு உடைத்தன. ஓராண்டுக்கு மேலாகக் கடல் அங்கே நாளிருமுறை வந்து போயிற்று. போர் முடிந்தபின் வீடுகளும் பாலங்களும் இரயிற் பாதைகளும் தொழிற்சாலைகளும் பணத்தைக் கேட்டன. இடிந்த பாலம் எல்லோருக்கும் தெரியும். தாழ்ந்த அணையோ புல் மூடிப் பசுமையாய் நிற்கும். வான் வீன் தம் எழுத்தொன்றிற்குக் கசாண்ட்ரா என்று புனைபெயர் சூட்டிக்கொண்டார். மெய்யான தீர்க்கதரிசனம் கூறும் வரமும், அதனை எவரும் நம்பார் என்ற சாபமும் ஒருங்கே பெற்ற கிரேக்கக் கதையின் இளவரசி அவள். 1953ஆம் ஆண்டு சனவரி 29ஆந் திகதி, கழிமுகங்களை அடைக்கும் திட்டம் பற்றிய அவருடைய குறிப்பொன்று மேலிடத்திற்குச் சமர்ப்பிக்கப்பட்டது. அன்று வியாழக்கிழமை.

சனிக்கிழமை, சனவரி 31. வடகடலில் வடமேற்கிலிருந்து பெரும்புயல் வீசியது. பகலிலேயே அது அயர்லாந்துக் கடலில் பிரின்சஸ் விக்டோரியா என்ற பயணிகள் கப்பலை மூழ்கடித்துவிட்டது. வடகடல் வடக்கே அகன்று தெற்கே குறுகிய புனல் போன்றது. வடமேற்குக் காற்று நீரைத் தெற்கே தள்ளினால் ஒதுங்க இடமின்றி அது மேலே ஏறும். அத்துடன் பௌர்ணமி கழிந்து இரண்டு நாளே ஆயிருந்தமையால் ஓதமும் உச்சத்தில் இருந்தது. மாலை 6 மணிக்கு வானொலியில் எச்சரிக்கை வெளியாயிற்று. றொட்டர்டாம் முதலிய பகுதிகளில் அபாயகரமான உயர்நீர் எதிர்பார்க்கப்படுகிறது என்றது அது. வார இறுதி. அலுவலகங்கள் பூட்டியிருந்தன. எச்சரிக்கைத் தந்திகளைப் பெறுவதற்குப் பெயர் பதிந்திருந்த ஊர்ச்சபைகளும் நீர்ச்சபைகளும் மிகச் சில.

நள்ளிரவில் ஒல்லாந்து வானொலி வழக்கம்போல நிகழ்ச்சிகளை முடித்து மௌனமாயிற்று. இரவில் ஒலிபரப்பும் வழக்கம் அங்கே இல்லை. அதற்குப் பிந்திய மணித்தியாலங்களிலேதான் அணைகள் உடைந்தன. விழித்திருந்த வானிலை நிலையத்தாருக்கு அபாயம் தெரிந்தது. உறங்கும் மக்களுக்கு அதனைச் சொல்ல வாய் இல்லை. தொலைபேசிக் கம்பிகள் அறுந்தன. தீவுகளில் என்ன நடக்கிறதென்று தலைநகர் அறிய ஞாயிறு முழுவதும் கழிந்தது. பின்னர் பொழுதுபோக்காக வானொலிக் கருவி வைத்திருந்த தனியாட்கள் சிலர் தம் கருவிகளை இணைத்து அமைத்த வலையே முதலில் செய்தி கொண்டுவந்தது. ஒலிபரப்பைத் தொழிலாகக் கொண்டோர் எந்நாட்டவராயினும் இந்த இரவை மறத்தல் அரிது.

முதல் வெள்ளம் ஞாயிறு விடியுமுன் வந்தது. கூரைமீது ஏறித் தப்பியவர்கள் உதவியை எதிர்பார்த்துப் பகலைக் கழித்தார்கள். அன்று பிற்பகல் வந்த இரண்டாம் ஓதம், உடைந்த அணைகளினூடே தடையின்றிப் புகுந்து, பல இடங்களில் முதல் வெள்ளத்திலும் மேலாக எழுந்தது. ஊறி நொந்திருந்த செங்கற் சுவர்கள் சரிந்தன. கூரைகள் மனிதரோடு மிதந்து சென்றன. ஷௌவென்-டௌவெலண்ட் என்னும் ஒரு தீவில் மட்டும் 500க்கு மேற்பட்டோர் மாண்டனர். நெதர்லாந்தில் இறந்தோர் தொகை 1,836. இங்கிலாந்தின் கீழ்க்கரையில் 307 பேர் இறந்தனர். ஏறத்தாழ 72,000 பேர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர்.

இதனினும் கொடியது ஒன்று நிகழாது தப்பியது. றொட்டர்டாமுக்குக் கிழக்கே ஹொலண்ட் ஐசல் ஆற்றின் கரையிலுள்ள மண்ணணை ஒன்று, நாட்டின் மிகத் தாழ்ந்ததும் மிக நெருக்கமாக மக்கள் வாழ்வதுமான பகுதியைக் காத்து நின்றது. ஞாயிறு அதிகாலை அது உடையத் தொடங்கியது. ஊர்த்தலைவர் ஆற்றில் நின்ற இரு சகோதரர் என்ற பெயருடைய சரக்குப் படகொன்றைப் பொறுப்பேற்று, அதன் தலைவர் ஆரி எவெக்றூனிடம் படகை உடைப்பினுட் செலுத்தும்படி கேட்டார். அவர் படகைக் கொண்டுபோய்க் குறுக்கே நிறுத்த, நீரின் வேகமே அதனைக் கதவுபோல் உடைப்பின்மேல் அழுத்திற்று. அணை தாங்கியது. முப்பது இலட்சம் மக்கள் வாழ்ந்த நிலப்பகுதியின் பாதுகாப்பு அன்று காலை ஒரு படகின் பக்கப் பலகையில் தங்கியிருந்தது என்பதை நினைக்கும்போது, 1953க்குப் பின் அந்நாட்டார் கணக்கிலே காட்டிய பிடிவாதம் விளங்கும்.

பொறியியலாளர் உடைந்த இடங்களைச் சென்று பார்த்தபொழுது எதிர்பாராத ஒன்றைக் கண்டனர். அலை மோதும் வெளிப்பக்கம் கல் பதித்து உறுதியாகவே இருந்தது. அணைகளிற் பெரும்பாலானவை உட்புறமாகவே இடிந்திருந்தன. முடியைத் தாண்டி வழிந்த நீர் செங்குத்தான உட்சரிவில் ஓடி, புல்லைப் பெயர்த்து, களிமண்ணை ஊறவைத்துச் சரித்தது. பின்புறம் போனபின் முன்புறக் கல் தானே சாய்ந்தது. ஆகவே உயரம் ஒன்றே அணைக்கு வலிமையன்று. சிறிது நீர் வழிந்தாலும் இடிந்துபோகாத பின்புறமும் வேண்டும். குளக்கட்டுகளை அறிந்த இலங்கை உழவருக்கு இது புதுச் செய்தியாகத் தோன்றாது.

உடைப்புகளை அடைக்கும் வேலை ஒன்பது மாதத்திற்கு மேல் சென்றது. அடைக்கத் தாமதிக்குந்தோறும் நாளிருமுறை ஓடும் ஓதம் வாயை ஆழமும் அகலமுமாக அரித்தது. இறுதி உடைப்பு ஔவெர்கெர்க் என்னும் ஊரில் இருந்தது. போர்க்காலத்தில் நோர்மண்டிக் கரையில் செயற்கைத் துறைமுகம் அமைக்கச் செய்த பீனிக்ஸ் என்னும் பெருங் கொங்கிறீற்றுப் பெட்டிகளைக் கொண்டுவந்து மூழ்கடித்து, 1953 நவம்பர் 6ஆந் திகதி இரவில் அதனை மூடினர்.

வெள்ளம் வந்து மூன்று வாரங்களுள் டெல்டா ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. வான் வீன் அதன் செயலாளரானார். கசாண்ட்ராவின் பேச்சைக் கேட்க இப்பொழுது எல்லோரும் ஆயத்தமாயிருந்தனர். பழக்கத்தின்படி செய்வதாயின் வழி எளிது: ஹூக் வான் ஹொலண்டில் நீர் 3.85 மீற்றர் உயர்ந்தது, இனி 4.50 மீற்றருக்குக் கட்டுவோம் என்று முடித்திருக்கலாம். ஆணைக்குழு அவ்வாறு செய்யவில்லை. ஆம்ஸ்டர்டாம் கணித நிலையத்தைச் சேர்ந்த டேவிட் வான் டன்ற்சிக் என்ற பேராசிரியரிடம் வினாவை ஒப்படைத்தது.

வான் டன்ற்சிக் வினாவையே மாற்றினார். அணையை ஒரு மீற்றர் உயர்த்தினால் இன்ன செலவு என்பது உறுதி. அவ்வாறு உயர்த்தினால் வெள்ளம் புகும் வாய்ப்புக் குறையும் அளவு வெமெல்ஸ்பெல்டரின் நேர்கோட்டால் தெரியும். புகுந்தால் அழியும் வீடு, வயல், தொழிற்சாலை ஆகியவற்றின் மதிப்பைக் கணிக்கலாம். கட்டும் செலவையும், எதிர்காலத்தில் நேரக்கூடிய இழப்பின் இன்றைய மதிப்பையும் கூட்டினால், அக்கூட்டுத்தொகை மிகக் குறையும் உயரம் ஒன்று இருக்கும். அதுவே தக்க உயரம். 1956இல் இவ்வாராய்ச்சி எக்கொனொமெற்றிக்கா என்ற சஞ்சிகையில் வெளியாயிற்று. காப்புறுதி நிறுவனம் செய்யும் கணக்குப் போன்றதுதான் இது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அதற்குள் முள் ஒன்று இருந்தது. நீரில் மூழ்கிய 1,836 பேரை அந்தக் கூட்டலில் எந்த நிரலில் எழுதுவது? மனித உயிருக்கு விலை குறிக்க எவரும் விரும்பவில்லை. எழுதாமல் விட்டாலோ அதன் விலை பூச்சியம் என்று கணக்கு எடுத்துக்கொள்ளும். இச்சிக்கலைக் கணிதம் தீர்த்துவிட்டது என்று கூறுதல் பொருந்தாது. மறைத்து வைக்க முடியாதபடி மேசைமேல் எடுத்து வைத்தது என்பதே சரி.

ஆணைக்குழு முடிவு செய்த அளவு 5 மீற்றர். ஓர் ஆண்டில் அவ்வுயரத்தை நீர் கடக்கும் வாய்ப்பு 10,000இல் ஒன்று. மக்கட்டொகை குறைந்த தென்மேற்குத் தீவுகளுக்கு 4,000இல் ஒன்று. இவ்வெண்ணைப் பிழையாக விளங்குவோர் உலகெங்கும் உளர். 10,000 ஆண்டு கழித்துத்தான் அவ்வெள்ளம் வரும் என்பது அதன் பொருளன்று. அடுத்த மாரியிலும் வரலாம். எழுபது ஆண்டு வாழும் ஒருவர் தம் வாழ்நாளில் அதனைக் காணும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்பதே பொருள். அணை என்றைக்கும் கடக்கப்படாது என்று எந்த அரசும் சொல்ல விரும்பும். இவ்வளவு அபாயத்தை ஏற்றுக்கொள்கிறோம் என்று எண்ணாற் சொல்லத் துணிந்தது இந்த ஆணைக்குழு. அந்நேர்மையே அதன் கண்டுபிடிப்புகளுள் தலையாயது எனலாம்.

1958இல் டெல்டாச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டே ஹொலண்ட் ஐசல் ஆற்றில், எவெக்றூனின் படகு அணை காத்த அதே ஆற்றில், தூக்கி இறக்கும் புயல்மடை முதல் வேலையாக எழுந்தது. வான் வீன் 1959இல் காலமானார். வீர்சே ஹற் 1961இலும், கிறேவெலிங்கன் 1965இலும், ஹறிங்வ்லீற் 1971இலுமாகக் கழிமுகங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் அடைபட்டன. சிறியவற்றை முதலிற் கட்டி, அங்கே கற்றதைப் பெரியவற்றிற் பயன்படுத்தினர். ஒரு வாயை மூடும் கடைசி நாளே மிகக் கொடியது. இடைவெளி குறுகக் குறுக நீரின் வேகம் மிகுந்து அடித்தளத்தைத் தோண்டும். வீர்சே ஹற்றில் இதற்கு ஓர் உபாயம் கண்டனர். வாயில்கள் திறந்த கொங்கிறீற்றுப் பெட்டிகளை ஒவ்வொன்றாக மூழ்கடித்தனர். ஓதம் அவற்றினூடே போய்வந்தது. எல்லாம் நிரையாய் அமர்ந்தபின், நீர் ஒரு கணம் ஓடாது நிற்கும் வேளை பார்த்துக் கதவுகளை ஒருங்கே இறக்கினர்.

இந்த உபாயங்கள் எல்லாம் முதலிற் சிறு தொட்டிகளிற் சோதிக்கப்பட்டவை. டெல்ப்ற் ஆய்வுகூடத்தில் இடம் போதாமையால், 1951இல் கடலிலிருந்து மீட்ட வடகிழக்குப் பொல்டரில் டெ வோர்ஸ்ற் என்ற இடத்திலே மரங்களினிடையே திறந்தவெளி ஆய்வுகூடம் ஒன்றை அமைத்திருந்தனர். அயலிலுள்ள கால்வாயின் நீர் பொல்டரின் தரையைவிடப் பல மீற்றர் உயரத்தில் நின்றது. மடையைத் திறந்தாற் போதும், பம்பியின்றி நீர் மாதிரிகளுக்குள் ஓடும். துறைமுகங்களும் கழிமுகங்களும் அங்கே கொங்கிறீற்றிற் சிறிதாக வார்க்கப்பட்டு, அரைநாள் ஓதம் சில நிமிடங்களில் ஏறியிறங்கியது. பிற நாடுகளின் துறைமுகங்களையும் அங்கே சோதித்தனர். லாகோஸ், பாங்கொக் ஆகியவற்றிற்குச் செய்த மாதிரிகளின் எச்சங்களைப் பாசி படர்ந்த நிலையில் பிற்காலத்திலும் அக்காட்டில் நடந்து பார்க்கலாம்.

மற்றொரு கருவி நீரே இல்லாதது. நீர் ஓடும் முறையும் மின்சாரம் ஓடும் முறையும் ஒத்த சமன்பாடுகளுக்கு அடங்குவன என்பதை வான் வீன் 1930களிலேயே கவனித்திருந்தார். நீர்மட்டத்திற்கு மின்னழுத்தம், நீரோட்டத்திற்கு மின்னோட்டம், கழிமுகம் நீரைத் தேக்குவதற்கு மின்தேக்கி. இக்கருத்தின் வழியே அமைந்த டெல்டார் என்னும் கணிப்பொறி 1960 முதல் 1984 வரை வேலை செய்தது. ஒரு வாயை அடைத்தால் அயல் வாயில் ஓதம் எவ்வாறு மாறும் என்பதை அது கூறிற்று. லோறன்ற்சு எட்டாண்டு கையாற் கணித்த வகைக் கணக்குத்தான் அது.

எல்லாவற்றிலும் பெரிய கழிமுகமாகிய கிழக்கு ஷெல்ற் இறுதியாக எஞ்சியது. இங்கே திட்டம் எதிர்பாராத இடத்தில் முட்டியது. அதனை முற்றாக அடைத்தால் உப்புநீர் நன்னீராகும்; சிப்பி வளர்ப்போரின் பிழைப்பும், ஓதத்தில் மூழ்கி எழும் சேற்றுத் திடல்களில் மேயும் பறவைகளும் அழியும். 1970களின் தொடக்கத்தில் மீனவரும் இயற்கை ஆர்வலரும் இளைஞரும் எதிர்த்தெழுந்தனர். வெள்ளத்திற் குடும்பத்தை இழந்தவர்களுக்கு இது பொறுக்கவில்லை. சிப்பிக்காக மனிதரை விடுவதா என்றனர். இரு திறத்தாரிடமும் நியாயம் இருந்தது. 1976இல் பாராளுமன்றம் இடைவழியை ஏற்றது: நாள்தோறும் திறந்து நிற்பதும் புயலில் மட்டும் மூடுவதுமான மடை. அத்தகைய ஒன்றை, அவ்வளவு ஆழத்தில், அசையும் மணலின்மேல், எவரும் அதுவரை கட்டியதில்லை.

மணலே முதற் சிக்கல். அலை மோதும்போது மடையின் தூண் சிறிது அசையும். அசைவால் தளர்ந்த மணல் குழம்புபோல் இளகலாம். ஆதலால் மிற்றிலஸ் என்ற கப்பல் அதிரும் நீண்ட குழாய்களைக் கடலடியில் 15 மீற்றர் வரை செலுத்தி மணலை அதிர்த்து இறுக்கியது. கார்டியம் என்ற கப்பல், ஒரு பாய்போற் சுருட்டிய வடிகட்டி விரிப்புகளைக் கொண்டுவந்து கடலடியில் விரித்தது. ஒவ்வொன்றும் 200 மீற்றர் நீளம், 42 மீற்றர் அகலம். விரிப்பினுள் மணலும் சிறுகல்லும் பருங்கல்லும் அடுக்கடுக்காக இருந்தன. நீர் அதனூடே போகும், மணல் போகாது. அதன்மேல் 65 கொங்கிறீற்றுத் தூண்கள் நிறுத்தப்பட்டன. ஒரு தூண் 30 முதல் 40 மீற்றர் உயரம். நிறை 18,000 தொன் வரை. ஒஸ்ற்றியா என்ற கப்பலால் 10,000 தொன்தான் தூக்க முடியும். எஞ்சிய நிறையை, தூணின் வெற்றறைகளுக்குக் கீழ்நின்று உந்திய கடல்நீரே தாங்கிக்கொண்டது. தூண்களிடையே 62 எஃகுக் கதவுகள். 1986 அக்டோபர் 4ஆந் திகதி மகாராணி பெயற்றிக்ஸ் அதனைத் திறந்து வைத்தார்.

அம்மடையும் விலை கேட்காமலில்லை. திறந்திருக்கும்போதும் தூண்கள் நீரோட்டத்தைக் குறைக்கின்றன. மெலிந்த ஓட்டம் மணலை மீண்டும் திடல்மேற் கொண்டு சேர்ப்பதில்லை. புயல் அரித்தது அரித்ததே. பறவைகளுக்காகத் திறந்து வைத்த கழிமுகத்தில் பறவை மேயும் திடல்கள் ஆண்டுதோறும் தேய்வதைக் கண்டு, 2019இல் றொக்கன்பிளாற் என்னும் திடலுக்கு வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து இட்டனர்.

கடலைப் பற்றிய கணக்கு இவ்வளவு வளர்ந்தபின், அணைகள் வேறு பக்கங்களிலிருந்து பாடம் கற்பித்தன. 1995இல் ஆறுகள் பெருகின. ஏறத்தாழ 250,000 மக்களை முன்னெச்சரிக்கையாக அப்புறப்படுத்த நேர்ந்தது. அதன்பின் ஆற்றுக்கு அணையை உயர்த்துவதோடு இடத்தையும் விட்டுக்கொடுக்கத் தொடங்கினர். 2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் வில்னிஸ் என்ற ஊரில் நிகழ்ந்தது இன்னும் விசித்திரமானது. புயலுமில்லை, மழையுமில்லை, கடுங் கோடை. உட்கால்வாயொன்றின் கரை, முற்றா நிலக்கரிமண்ணாலானது, ஈரம் வற்றி நிறை குறைந்து, தான் தாங்கவேண்டிய நீரின் தள்ளுதலுக்கு ஆற்றாமல் இரவிலே வழுக்கிச் சென்றுவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை, தெருக்கள் நீரில் மூழ்கின. வறட்சியால் அணை உடையும் என்று எந்த வெள்ளக் கணக்கும் அதுவரை பெரிதாக எண்ணியதில்லை.

எனவே ஆராய்ச்சி நீரை விட்டு மண்ணுக்குத் திரும்பியது. உண்மையான அணைகளின் முடியில் பெருந்தொட்டியை ஏற்றி, புயலலை வழிவது போல நீரைக் கொட்டி, புல்வேர் எவ்வளவு தாங்கும் என்று 2007 முதற் சோதித்தனர். சோதனைக்கென்றே மண்ணணை கட்டி, உணர்கருவிகளைப் புதைத்து, வேண்டுமென்றே உடைத்தும் பார்த்தனர். 2015இல் டெல்ப்ற்றில் 300 மீற்றர் நீளமான அலைத்தொட்டி திறக்கப்பட்டது. நான்கு மீற்றருக்கு மேற்பட்ட அலையை அதில் எழுப்பலாம். 2017இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், நீர்மட்டம் கடக்கும் வாய்ப்பை விட்டு, அணை உடையும் வாய்ப்பையே அளவுகோலாக்கிற்று. அணைக்குப் பின்னால் வாழும் எவரும், எந்த ஊரினராயினும், ஓராண்டில் வெள்ளத்தால் இறக்கும் வாய்ப்பு 100,000இல் ஒன்றுக்கு மேற்படலாகாது என்ற எல்லையையும் வகுத்தது. 2050ஆம் ஆண்டுக்குள் அதனை எய்துதல் வேண்டும். வான் டன்ற்சிக்கின் கூட்டலில் எழுத இடமில்லாதிருந்த நிரல் அறுபது ஆண்டு கழித்து எழுதப்பட்டது.

டெல்டா வேலைகளின் முடிவாக 1997 மே மாதத்தில் றொட்டர்டாமின் வாயிலில் மஸ்லண்ட் மடை திறக்கப்பட்டது. 360 மீற்றர் அகலமான நீர்வழியை இரண்டு வளைந்த கதவுகள் மூடுகின்றன. ஒவ்வொன்றும் 210 மீற்றர் நீளம், 22 மீற்றர் உயரம். வானிலையையும் நீர்மட்டத்தையும் பார்த்து மூடும் கட்டளையைப் பிறப்பிப்பது கணினி. நள்ளிரவில் தூங்கிவிடவும் வார இறுதியில் வீடு செல்லவும் அதற்கு வழியில்லை. மூடும்படி வேண்டும் 1,000 தடவைகளில் ஒன்றுக்கு மேல் அது தவறலாகாது என்பது வடிவமைத்தோர் குறித்த இலக்கு. பின்னர் நுணுகி ஆராய்ந்தபொழுது 100 தடவைகளில் ஒன்று என்பதே மெய்யான அளவென்று கண்டு, அதனையும் வெளிப்படையாகக் கூறினர். ஆண்டுதோறும் புயற்காலத்திற்கு முன் கதவுகளை ஒருமுறை மூடிப் பார்க்கிறார்கள். கரையில் மக்கள் கூடி வேடிக்கை பார்ப்பார்கள்.

2007 நவம்பரில் ஒரு புயலின்போது அது மூடப்பட்டது.  2023 டிசம்பர் 21ஆந் திகதி வடமேற்கிலிருந்து புயல் வீசி, றொட்டர்டாமில் நீர் குறித்த எல்லையான 3 மீற்றரைத் தாண்டும் என்று கணிக்கப்பட்டதும், கணினி தானாகவே கட்டளையிட்டது. இரவில் கதவுகள் மிதந்து வந்து, நீர் நிரப்பி அமிழ்ந்து, ஆற்றின் வாயை அடைத்தன. கடல் வடிந்தபின் அவை மீண்டும் எழுந்து கரையிலுள்ள தம் தொட்டிகளுக்குத் திரும்ப, காத்து நின்ற கப்பல்கள் துறைமுகத்தை நோக்கிச் சென்றன.